கௌஸ் பாயின் ஆட்காட்டி விரல்

ஆய்வகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கிற உங்களுக்காக ஏதாவது எழுதித் தரும்படி கேட்டார்கள். காமிராவை எந்த உயரத்தில் வைப்பது, விளக்கை எந்தப் பக்கம் திருப்புவது என்றெல்லாம் நான் எழுதப்போவதில்லை. நான் ஓய்வுபெற்ற பிறகு அதெல்லாம் இரண்டு முறை மாறிவிட்டது. உங்களுக்கு என்னைவிட நன்றாகவே தெரியும். நான் எழுதப்போவது வேறு. படம் அழகாக வந்திருக்கிறது. ஆனால் அதில் ஒரு பொய் இருக்கிறது. பார்க்க வருகிறவர்களின் கார் பாதி வழி வந்துவிட்டது. அப்போது என்ன செய்வீர்கள்?

எனக்கு அது நடந்தது, என் சொந்த ஊரான திருத்தணியிலேயே.

உங்கள் வீட்டில் யாராவது இதைப் படித்தால், அவர்களுக்காக நம் வேலையைப் பற்றி நாலு வரி. ஒருவரை நடுவில் நிற்கவைத்துச் சுற்றிலும் நாற்பது காமிராக்களை வைக்கிறோம். நாற்பதும் ஒரே கணத்தில் படம் பிடிக்கின்றன. கணினி அவற்றைச் சேர்த்து அந்த மனிதரை முழு உருவமாகக் கட்டியெழுப்புகிறது. ஹெட்செட்டைக் கண்ணில் மாட்டிக்கொண்டால் அவர் உங்கள் எதிரே நிற்பார். நீங்கள் அவரைச் சுற்றி நடக்கலாம், குனிந்து அவர் கைக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்கலாம். சினிமாவில் காமிரா காட்டுகிற பக்கத்தைத்தான் பார்க்க முடியும். இதில் எந்தப் பக்கத்தைப் பார்ப்பது என்பது பார்ப்பவர் இஷ்டம்.

நான் ஓய்வுபெறுவதற்குச் சில ஆண்டுகள் இருந்தபோது எங்களுக்கு ஒரு திட்டம் கிடைத்தது. ஐ.டி.ஐ.யில் டீசல் மெக்கானிக் படிக்கும் மாணவர்களுக்கான பாடம் அது. ஒரு இஞ்சினைச் சுற்றி முப்பது பேர் நின்றால் கடைசி வரிசைக்கு முன்வரிசையின் முதுகுதான் தெரியும். நல்ல மெக்கானிக் ஒருவரை முழு உருவமாகப் பதிவுசெய்து கொடுத்தால் ஒவ்வொரு மாணவரும் அவருடைய தோளுக்கு மேல் எட்டிப் பார்க்கலாம் என்பது எங்கள் எண்ணம்.

நல்ல மெக்கானிக் என்றதும் எனக்கு கௌஸ் பாய்தான் நினைவுக்கு வந்தார். அரக்கோணம் சாலையில் டிராக்டர் பட்டறை வைத்திருந்தார். பல வருடம் மின்சார ரயிலில் சென்னைக்கு வேலைக்குப் போய்வந்த நான், ஸ்டேஷனுக்குப் போகும்போதும் வரும்போதும் அவரைப் பார்த்திருக்கிறேன். கையில் வேலை நடக்கும்போதே, பக்கத்தில் நிற்கிற டிரைவருக்கு என்ன கோளாறு, ஏன் வந்தது என்று சொல்லிக்கொண்டே இருப்பார். வலது கை ஆட்காட்டி விரல் பாதிதான் இருக்கும். அந்தப் பாதி விரலால்தான் எதையும் சுட்டிக் காட்டுவார்.

உடனே ஒப்புக்கொண்டார், ஒரு நிபந்தனையோடு.

“மெட்ராசுக்கெல்லாம் வரமாட்டேங்க மேடம். கரும்பு சீசன் நடந்துகினு இருக்குது. நான் ரெண்டு நாள் கடையை மூடினா திருவாலங்காடு மில்லுக்குப் போற வண்டி பாதி ரோட்டுல நிக்கும். நீங்க வேணா காமிராவை எடுத்துகினு வாங்க.”

எடுத்துக்கொண்டு போனோம். நாற்பது காமிராக்களையும் வேனில் ஏற்றி, அவர் பட்டறையை ஒட்டிக் காலியாகக் கிடந்த ஒரு சிமெண்ட் கிடங்கில் நிறுத்தினோம். தரையைக் கழுவி முடிக்கவே ஒரு பகல் போயிற்று. என்னோடு வந்தவள் சிந்து. கணினிப் பகுதி முழுக்க அவள் பொறுப்பு. அப்போது வேலையில் சேர்ந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. எங்கள் ஆய்வகத்திலேயே மிகக் கெட்டிக்காரி, மிகப் பொறுமையில்லாதவள்.

பாடத்துக்கு எடுத்துக்கொண்ட வேலை, டீசல் லைனில் புகுந்த காற்றை வெளியேற்றுவது. அதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் டிராக்டரில் உட்கார்ந்து சொல்லும்போது ஸ்டார்ட்டரை அடிக்க வேண்டும். மற்றவர் இஞ்சின் பக்கத்தில் நின்று குழாயின் நட்டைத் தளர்த்திப் பிடிக்க வேண்டும். டிராக்டரோடு வந்தவர் மணவூர் முனிரத்தினம். பாயின் பழைய வாடிக்கைக்காரர். தலை நிறையச் சுருட்டை முடி.

முடி எங்கள் தொழிலில் பெரிய தலைவலி. மெல்லிய இழைகளைக் கணினியால் பிரித்துப் பார்க்க முடியாது. முதல் நாள் பதிவில் முனிரத்தினம் தலையில் யாரோ தார் ஊற்றியதுபோல இருந்தது. அதைச் சரிசெய்கிறேன் என்று சிந்து மாலை வரை உட்கார்ந்திருந்தாள். பாதி வேலையைப் படம்பிடித்திருந்தோம், மீதி மறுநாள்.

மறுநாள் காலை முனிரத்தினம் மொட்டைத் தலையோடு வந்து நின்றார், தலை முழுக்கச் சந்தனம் பூசிக்கொண்டு.

“இன்னாங்க மேடம், அப்படிப் பார்க்கறீங்க?”

“முனிரத்தினம், முடி எங்கே?”

“மலைமேல குடுத்துட்டேங்க. எங்க நைனாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியா ஆவணும்னு வேண்டிக்கினு இருந்தேன். நேத்து சாயந்திரம் கட்டுப் பிரிச்சாங்க. நல்லா தெரியுதுன்னாரு. விடிஞ்சதும் ஏறிட்டேன்.”

“இன்னிக்கு ஒரு நாள் பொறுத்திருக்கக் கூடாதா?”

“சாமிகிட்ட எப்படிங்க தள்ளிப்போடறது? ஷூட்டிங் இருக்குதுன்னா சொல்றது?”

சிந்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். “மேடம், ஸ்டார்ட்டரை அடிச்சதும் இவருக்கு முடி கொட்டிடும். பசங்க பயந்துடுவாங்க” என்றாள்.

எனக்கும் கோபம்தான். முந்தின நாள் வேலை முழுவதும் வீண். ஆனால் கோபத்தை யார்மேல் காட்டுவது? முடியை எடுக்காதீர்கள் என்று நாங்கள் அவரிடம் சொல்லவில்லை. திருத்தணியில் பிறந்து வளர்ந்த எனக்கு அதைச் சொல்லத் தோன்றாதது யார் தப்பு? ஒரு டீ குடித்துவிட்டு, சும்மா ஒரு நிமிடம் அவரைப் படம்பிடித்துப் பார்க்கலாம் என்றேன். புதிதாக மழித்த தலை மின்னும். மின்னுகிற எதுவும் காமிராக்களைக் குழப்பும். ஆனால் சந்தனம் மினுமினுப்பையெல்லாம் மூடிவிட்டிருந்தது. காய்ந்து வெடித்த அதன் கோடுகளை நாற்பது காமிராக்களும் பிடித்துக்கொண்டன. எங்கள் ஆய்வகம் அதுவரை பதிவுசெய்த தலைகளில் அதுபோலத் துல்லியமான தலை வேறு இல்லை. பழையதைத் தூக்கிப் போட்டுவிட்டு முதலிலிருந்து எடுத்தோம். மத்தியானத்துக்குள் முடிந்துவிட்டது. சந்தனம் உதிரும்போதெல்லாம் சிந்துவே ஓடிப்போய்க் குழைத்துப் பூசினாள். முனிரத்தினம் மாப்பிள்ளைபோல உட்கார்ந்திருந்தார்.

அந்தச் சந்தோஷத்தில் எல்லாம் முடிந்தது என்று நினைத்தோம். மிச்சமிருந்தது கை.

கௌஸ் பாயின் கை பாதி நேரம் குழாய்க்கும் ஸ்பேனருக்கும் பின்னால் இருந்தது. காமிராவுக்குத் தெரியாத இடத்தைக் கணினி கட்ட முடியாது. அங்கே ஓட்டை விழும். முதலில் வந்த உருவத்தில் அவர் கை பூச்சி அரித்த துணிபோல இருந்தது. பல ஆயிரம் கைகளைப் பார்த்துப் பழகிய ஒரு நிரலைக் கொண்டு சிந்து அந்த ஓட்டைகளை நிரப்பினாள். சென்னைக்குத் திரும்பி இரண்டு வாரம் அதே வேலையாக இருந்தாள். முடித்துக் காட்டியபோது நான் கைதட்டினேன். நகக்கண்ணில் இருந்த கரிகூடத் தெரிந்தது.

பிறகுதான் கவனித்தேன். வலது கையில் ஐந்து விரலும் முழுதாக இருந்தன. அந்த நிரல் பார்த்துப் பழகிய கைகளிலெல்லாம் ஐந்து விரல் இருந்திருக்கும். அதனால் பாய்க்கும் ஒன்றைக் கொடுத்துவிட்டது.

இங்கேதான் நான் தவறினேன். எனக்குத் தெரிந்துவிட்டது. சிந்துவுக்குத் தெரியாது, அவள் திரையில் ஓட்டைகளை மட்டுமே தேடிக்கொண்டிருந்தாள். நிதி தருகிற அமைப்பின் குழு இரண்டு நாளில் வருவதாக இருந்தது. அவர்கள் பார்த்து ஒப்புக்கொண்டால்தான் திட்டத்தின் அடுத்த கட்டம். ஒரு விரல்தானே, அவர்கள் வந்துபோகட்டும், பிறகு சரிசெய்துகொள்ளலாம் என்று நினைத்து வாயை மூடிக்கொண்டேன். அனுபவசாலிகள் செய்கிற தவறுகள் பெரும்பாலும் இந்த மாதிரிதான் இருக்கும். தெரியாமல் செய்வது குறைவு.

குழு வருவதற்குத் திருத்தணிக் கிடங்கையே ஏற்பாடு செய்திருந்தோம், உண்மையான இஞ்சினையும் பக்கத்தில் வைத்துக் காட்டலாம் என்று. அவர்கள் பதினொரு மணிக்கு வர வேண்டும். ஒன்பது மணிக்கு கௌஸ் பாயை அழைத்து, நீங்கள்தான் முதலில் பார்க்க வேண்டும் என்று ஹெட்செட்டை மாட்டிவிட்டோம்.

சின்னக் குழந்தைபோலச் சிரித்தார். தன்னைத்தானே சுற்றி நடந்தார். “யா அல்லா, இவ்வளோ தொப்பையா எனக்கு?” என்றார். முனிரத்தினத்தின் உருவத்துக்கு முன்னால் போய் மொட்டையைத் தடவிப் பார்க்கக் கையை நீட்டினார். எல்லாரும் சிரித்தோம். பிறகு இஞ்சின் பக்கம் போய்க் குனிந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

“மேடம், இது யார் கை?”

“உங்க கைதான் பாய்.”

“என் கை இல்லீங்க. இதுல விரல் இருக்குது.”

சிந்து திடுக்கிட்டுத் திரையைப் பார்த்தாள். பிறகு சமாளித்துக்கொண்டு, “மறைஞ்ச இடத்தை எல்லாம் கம்ப்யூட்டர் நிரப்பிடுச்சு பாய். நல்லாதானே இருக்கு?” என்றாள்.

“ஆங், நல்லாதாம்மா இருக்குது.” பாதி விரலைக் கட்டைவிரலால் தடவினார். “பத்தொம்பது வயசு வரைக்கும் இப்படித்தான் இருந்துச்சு.”

மறுபடி குனிந்து பார்த்துவிட்டுப் பேசினார். குரல் மாறியிருந்தது. அது பட்டறையில் பேசுகிற குரல்.

“பாப்பா, இத்த கொஞ்சம் மெதுவா ஓட்டும்மா. முனிரத்தினம் ஸ்டார்ட்டர் அடிக்கற இடம். ஆங், அங்கதான். நிறுத்து. இப்ப நீ வந்து பாரு. அந்த விரல் எங்க இருக்குது?”

சிந்து ஹெட்செட்டை வாங்கி மாட்டிக்கொண்டு குனிந்தாள். “ஃபேன் பெல்ட்டுக்கும் அது ஓடற சக்கரத்துக்கும் நடுவுல” என்றாள்.

“அப்படி வெச்சிதான் போச்சு” என்றார் கௌஸ் பாய். “இதே வேலை. நான் சொல்றதுக்கு முன்னாடியே டிரைவர் ஸ்டார்ட்டரை அடிச்சிட்டான், பெல்ட் சுத்திடுச்சு. இப்ப எனக்கு அங்க விரல் இல்ல, அதனால அந்தப் பக்கமா கை வெக்கறேன். விரல் இருக்கறவன் வெக்கவே கூடாது. கீழ இருந்து கையை எடுத்துகினு வரணும். என் கையைப் பார்த்தாலே பசங்களுக்கு அது புரிஞ்சிடும்னு நெனச்சிகினு இருந்தேன். இத்தப் பார்த்தா எவனாவது ஒருத்தன் விரலை உள்ள வுடுவான் மேடம்.”

நான் உண்மையைச் சொன்னேன். “எனக்கு முந்தாநாளே தெரியும் பாய். குழு வந்துபோகட்டும்னு இருந்துட்டேன்.”

சிந்து என்னைப் பார்த்த பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை. கௌஸ் பாய் என்னைத் திட்டவில்லை. “நீங்க விரலைத்தான் பார்த்தீங்க, பெல்ட்டைப் பார்க்கல” என்றார். அவ்வளவுதான்.

மணி ஒன்பதரை. சிந்துவுக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. “ரெண்டு வாரம் உழைச்சேன் மேடம். முந்தாநாளே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் மாத்தியிருப்பேனே. இப்ப ஒன்றரை மணி நேரத்துல இதுல எதையும் தொட முடியாது. ஒண்ணு இதைக் காட்டணும், இல்ல பழைய ஓட்டை உருவத்தைக் காட்டணும். இல்ல, இன்னிக்கு மெஷின் ரிப்பேர்னு சொல்லி அனுப்பிடணும்.”

மூன்றையும் யோசித்தேன். மூன்றாவதுதான் மிகச் சுலபம். அந்த நேரத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு மேலே இருந்த ஒருவர் நினைவுக்கு வந்தார். வெளியூரிலிருந்து வந்த பெரிய மனிதர்கள் முன்னால் எங்கள் கருவி படுத்துவிட்டது. நாங்களெல்லாம் ஏதேதோ சாக்குத் தேடிக்கொண்டிருந்தோம். அவர் எழுந்து போய், “இன்று இது ஓடாது. ஏன் ஓடவில்லை என்று காட்டுகிறேன், வாருங்கள்” என்று கருவியின் மூடியைத் திறந்துவிட்டார். வந்தவர்கள் அரை மணி நேரத்தில் கிளம்ப வேண்டியவர்கள், சாப்பாட்டு நேரம் வரை நகரவில்லை.

“ஓட்டையையே காட்டுவோம்” என்றேன். “பாய், நீங்க பக்கத்துல நிக்கறீங்களா?”

“நிக்கறேங்க. கையைக் கழுவணுமா?”

“வேணாம்.”

குழுவில் மூன்று பேர் வந்தார்கள். முதலில் ஹெட்செட்டை மாட்டிய இளைஞர் உடனே முகம் சுளித்தார். “கை முழுக்க ஓட்டையாக இருக்கிறதே. இன்னும் முடிக்கவில்லையா?” என்று கேட்டார். முடிக்கவில்லை என்றேன். முடித்த ஒன்றும் இருக்கிறது, அதைக் காட்டக்கூடாது என்று முடிவுசெய்திருக்கிறோம் என்றேன். குழுவிலேயே மூத்தவரான ஒரு அம்மையார், ஓய்வுபெற்ற பொறியாளர், சட்டென்று நிமிர்ந்தார்.

“ஏன் காட்டக் கூடாது?”

நான் வாயைத் திறப்பதற்குள் கௌஸ் பாய் தன் வலது கையை அவர் முன்னால் நீட்டினார். “இதாலதாம்மா” என்றார்.

இரண்டையும் காட்டினோம். முதலில் ஓட்டை உருவம், பிறகு முழு விரல் உருவம், பிறகு உண்மையான டிராக்டரில் கௌஸ் பாய். முனிரத்தினம் ஏறி உட்கார்ந்து, பாய் “அடி” என்றபோது மட்டும் ஸ்டார்ட்டரை அடித்தார். அந்த அம்மையார் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, பெல்ட்டுக்கு எவ்வளவு தள்ளிப் பாதி விரல் நிற்கிறது என்று குனிந்து பார்த்தார். “இந்த நட்டை நான் தளர்த்திப் பார்க்கலாமா?” என்று கேட்டார். தளர்த்தினார். சட்டென்று பின்வாங்கியும் டீசல் அவர் முகத்தில் தெறித்தது. முனிரத்தினம் பயந்து கீழே குதித்துவிட்டார். அம்மையார் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்த சிரிப்பில் கிடங்கே எதிரொலித்தது.

ஆனாலும் அன்று எங்களுக்கு ஒப்புதல் கிடைக்கவில்லை. பல மாதம் தள்ளிப்போட்டார்கள். கணினி தானாக நிரப்புகிற பகுதி எது, காமிரா உண்மையில் கண்ட பகுதி எது என்று பார்ப்பவருக்குத் தெரிய வேண்டும், அதைச் செய்துவிட்டு வாருங்கள் என்று எழுதிக் கொடுத்தார்கள். கார் கிளம்பியதும் சிந்து படியில் உட்கார்ந்து, “தோத்துட்டோம் இல்ல மேடம்?” என்றாள். ஆமாம் என்றேன். ஐந்து நிமிடம் கழித்து அவளே, “நிரப்பின இடத்துக்கெல்லாம் சாம்பல் கலர் குடுத்தா?” என்றாள். நீங்கள் இன்று அந்த நிரலைத் திறந்ததும் நிரப்பிய பகுதிகள் சாம்பல் நிறத்தில் தெரிகின்றன அல்லவா? அது அந்தப் படியில் பிறந்தது. அந்த நிறத்தை அணைத்துவைக்க ஒரு பொத்தான் இருக்கிறது. விருந்தினர் வரும்போது உங்கள் கை தானாக அதன் பக்கம் போகும். என் கையும் போனதுதான்.

கௌஸ் பாயின் பாடம் இரண்டு கைகளோடு வெளிவந்தது. ஒன்று அவருடையது, பாதி விரலோடு. மற்றது விரல் இருக்கிறவர்கள் கீழேயிருந்து எப்படிக் கையைக் கொண்டுவர வேண்டும் என்று காட்டுவது. அது சிந்துவின் கை. அதற்காக அவள் நான்கு நாள் அவரிடம் வேலை கற்றாள். நகத்தில் கரி போகவில்லை என்று ஒரு மாதம் புலம்பிக்கொண்டிருந்தாள். ஆனால் யார் வந்தாலும் அந்தக் கையைத்தான் முதலில் காட்டுவாள்.

முழு விரல் உருவத்தை யாருக்கும் தருவதில்லை என்று முடிவு செய்து பூட்டிவைத்தேன். அப்படியிருக்கும்போது ஒரு நாள் கௌஸ் பாய் போன் செய்தார்.

“அக்கா,” என்றார். மேடமாக இருந்த நான் எப்போது அக்கா ஆனேன் என்று எனக்கே தெரியவில்லை. “அந்த விரல் இருக்குதே, அத்த ஒரே ஒரு வாட்டி எங்க அம்மாவுக்குக் காட்ட முடியுமா? என்னைப் பட்டறைக்கு அனுப்பினது அவங்கதான். தன்னாலதான் போச்சுன்னு இன்னும் சொல்லிகினு இருக்காங்க.”

நான் கொஞ்சம் யோசித்தேன். மாணவர்களுக்கு அது பொய். இந்த அம்மாவுக்கு அது பொய்யென்று தெரியும். தெரிந்தே பார்க்க விரும்புகிறவருக்கு மறுக்க எனக்கு மனம் வரவில்லை. பிரதி தரமாட்டேன், நானே கொண்டுவந்து காட்டிவிட்டு எடுத்துப் போகிறேன் என்றேன்.

ஜும்மா தொழுகை முடிந்த ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் நானும் சிந்துவும் அவர் வீட்டுக்குப் போனோம். கூடத்தில் இருந்த நாற்காலிகளை எடுத்துவிட்டு, அம்மாவின் முக்காட்டின் மேலேயே ஹெட்செட்டை மாட்டினோம். “இது நிஜம் இல்லம்மா, கம்ப்யூட்டர் போட்டது” என்று கௌஸ் பாய் மூன்று தடவை சொன்னார்.

அம்மா முன்னால் நின்று பார்த்தார். மெல்லக் குனிந்து கையைப் பார்த்தார். பிறகு சுவரைத் தடவிக்கொண்டே மகனின் உருவத்தைச் சுற்றிப் பின்பக்கம் போனார். அங்கேயே வெகுநேரம் நின்றார். சிந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“கௌஸு.”

“சொல்லும்மா. விரலைப் பார்த்தியா?”

“பார்த்தேன், பார்த்தேன். அத்த வுடு. முதுகுல சட்டை ஒரு சாண் நீளத்துக்குக் கிழிஞ்சி கீது. இத்தப் போட்டுகினா ஊருக்கெல்லாம் காட்டிகினு இருக்க?”

சிந்து மடிக்கணினியைத் திருப்பிப் பார்த்தாள். தோள்பட்டைக்குக் கீழே கிழிசல் அப்பட்டமாகத் தெரிந்தது, பிரிந்த நூல்களைக்கூட எண்ணலாம். பின்னால் இருந்த காமிராக்களெல்லாம் அதைப் பார்த்திருந்தன. நாங்கள் மாதக்கணக்கில் அந்த உருவத்தைச் சுற்றி வந்திருந்தோம், குழுவும் சுற்றிப் பார்த்திருந்தது. ஒருவர் கண்ணிலும் அது பட்டதில்லை.

அம்மா ஹெட்செட்டைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு ஊசி நூல் டப்பாவைத் தேடத் தொடங்கினார். கௌஸ் பாய் சட்டையை எடுத்துவர உள்ளே போனார்.